'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "செல்ஃப் சுத்துதா, சுத்தலையா?" இதற்கு நேரான பதில் கிடைப்பது அபூர்வம். "பேட்டரி போயிருச்சு போல" என்பார்கள், "பெட்ரோல் ஏறலைன்னு நினைக்கிறேன்" என்பார்கள், ஒருத்தர் "கம்ப்யூட்டர் அடிச்சிருச்சு" என்றுகூடச் சொன்னார். நான் கேட்டது என்ன நடக்கிறது என்று, வருவதெல்லாம் ஏன் நடக்கிறது என்ற யூகம். எனக்கு இது தொழில் இல்லை. சொந்தக்காரர்கள், நண்பர்கள் வட்டத்தில் மல்டிமீட்டர் (வோல்ட், கரண்ட் அளக்கிற கருவி) வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் பல வருடமாக இந்தப் போன்கள் எனக்கு வந்துகொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். அதில் பார்த்ததை, வேலை செய்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுற்றவே இல்லை என்றால் அது பெரும்பாலும் கரண்ட் சமாச்சாரம். பேட்டரியில் இருந்து ஸ்டார்ட்டர் மோட்டார் (எஞ்சினைச் சுற்றிவிடுகிற இதைத்தான் செல்ஃப் என்கிறோம்) வரைக்கும் போகிற பாதையில், அல்லது அந்த மோட்டாருக்கு உத்தரவு போகிற சின்ன வயரில், எங்கேயோ கோளாறு இருக்கிறது. பெட்ரோல், பிளக், சென்சார் என்று எதையும் அப்போது நினைக்கவே வேண்டாம். மாறாக, எஞ்சின் வழக்கமான வேகத்தில் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் தொடாதீர்கள், அவை தங்கள் வேலையைச் செய்துவிட்டன. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி சந்தேகம் கழிந்துவிடும். இதைக் கேட்காமல் ஆரம்பித்தவர்கள்தான் நல்ல பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள்.

அடுத்தது சத்தம். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, வேறு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிப் பக்கத்தில் நின்று கேளுங்கள். 'டகடகடக' என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் (பேட்டரி முனையில் வயர் கவ்வுகிற இடம்) சரியாகப் பிடிக்கவில்லை. சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடுகிற காந்த சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டாரின் பாரம் விழுந்ததும் வோல்ட்டேஜ் சரிகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது, பாரம் போனதும் வோல்ட்டேஜ் ஏறுகிறது, மறுபடியும் இழுக்கிறது. இதுதான் அந்த டகடக. ஒரே ஒரு கனமான 'டக்' மட்டும் கேட்டு அப்படியே நின்றால், சொலினாய்டுக்கு உத்தரவு வந்துவிட்டது, ஆனால் மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போகவில்லை, இல்லையென்றால் மோட்டாரே சுற்ற முடியாமல் மடக்கிக்கொண்டது. ஒரு சத்தமும் இல்லை, டேஷ்போர்டு விளக்குகள் மட்டும் பளிச்சென்று எரிகின்றன என்றால் உத்தரவே ஸ்டார்ட்டர் வரை போய்ச் சேரவில்லை. இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினால் பேட்டரி வீக், அல்லது வழியில் எங்கோ வோல்ட்டேஜ் கசிகிறது.

கையில் மீட்டர் இல்லையா, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் செத்துப்போய் மஞ்சளாக அணைந்தால் பெரும்பாலும் பேட்டரி அல்லது பேட்டரி டெர்மினல். வெளிச்சம் கொஞ்சம்கூட அசையாமல் அப்படியே நின்றால் ஸ்டார்ட்டர் கரண்டே இழுக்கவில்லை என்று அர்த்தம், பேட்டரி மேல் பழி போடாதீர்கள். சில புதுக் கார்கள் ஸ்டார்ட் செய்யும்போது ஹெட்லைட்டைத் தாமாகவே அணைத்துவிடும், அப்படிப்பட்ட வண்டியில் உள்ளே இருக்கிற ரூஃப் லைட்டைப் பாருங்கள்.

மீட்டர் இருந்தால் யூகமே தேவையில்லை. வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் அளவு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. இந்த எண்களில் ஒரு ஏமாற்று இருக்கிறது: இரண்டு எண்ணுக்கு நடுவில் வித்தியாசம் இரண்டு புள்ளிதான், ஆனால் பேட்டரியில் கால்வாசி போயிருக்கும். "12 வோல்ட் இருக்கே, நல்ல பேட்டரிதானே" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் இருப்பது நல்ல செய்தி இல்லை. அதைவிட முக்கியம், செல்ஃப் அடிக்கும்போது என்ன காட்டுகிறது என்பது. சாதாரண வெப்பநிலையில் 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்ததும் 7, 8 என்று விழுந்தால், பெரும்பாலும் அந்தப் பேட்டரியின் கதை முடிந்தது, சார்ஜ் போட்டும் பிரயோஜனம் இல்லை.

இப்போது என் பெரியப்பா மகன் காரின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் மேலே சொன்னதெல்லாம் அதில் ஒன்றாக வந்து மாட்டியது. அந்தக் கார் பெரும்பாலும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். சில நாள், குறிப்பாக மழைக்குப் பிறகு, சாவியைத் திருப்பினால் 'டக்', அவ்வளவுதான். மறுபடி மறுபடி திருப்பினால் எப்போதோ ஒரு தடவை எடுத்துக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்பில் விட்டார், பேட்டரி மாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடி மறுபடியும் 'டக்'. திரும்ப விட்டதும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மேஜை மேல் வைத்துப் பேட்டரி கொடுத்துச் சுற்றிக் காட்டினார்கள், பிரமாதமாகச் சுற்றியது. திரும்ப மாட்டினார்கள், ஓடியது. அப்புறம் மறுபடியும் 'டக்'.

"தம்பி, பேட்டரியும் புதுசு, மோட்டாரும் நல்லாயிருக்குங்கிறாங்க. அப்புறம் என்னடா வேணும் இதுக்கு?" என்றார்.

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதை யாராச்சும் பார்த்தாங்களாண்ணே?"

யாரும் பார்க்கவில்லை.

பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தேன், 12.6. அண்ணனைச் சாவி திருப்பச் சொன்னேன், 'டக்', மீட்டரில் 11.8. இதுதான் முதல் துப்பு. பேட்டரி இறங்கியிருந்தால் செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் தடாலென்று விழும், மோட்டார் மடக்கிக்கொண்டிருந்தாலும் விழும், ஏனென்றால் நின்றுபோன மோட்டார்தான் எல்லாவற்றையும் விட அதிகமாகக் கரண்ட் குடிக்கும். இங்கே பேட்டரி ஏறக்குறைய சும்மா நிற்கிறது. அப்படியென்றால் கரண்ட் போகிற வழியில் ஏதோ மறிக்கிறது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் அடைப்பு என்கிற கதைதான்.

அப்புறம் மீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வைத்தேன். கவ்வியிருக்கிற கிளாம்ப் மேல் இல்லை, ஈயக் கம்பத்தின் தலையில். சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் துரு இல்லாத ஒரு போல்ட் தலையில் அழுத்திப் பிடித்தேன். இரண்டும் ஒரே எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பி வருகிற வழி), இரண்டுக்கும் நடுவில் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், செல்ஃப் அடிக்கும்போதுகூட 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட். அண்ணன் சாவியைத் திருப்பினார், மீட்டரில் 6 வோல்ட்டுக்கு மேல் ஏறியது. பேட்டரி கொடுக்கிறதில் பாதி, மோட்டாருக்குப் போய்ச் சேராமல் எர்த் வழியிலேயே காணாமல் போகிறது. அதே கருப்பு முனையை அங்கேயே வைத்துக்கொண்டு சிவப்பு முனையைக் கார் பாடியில் வைத்துப் பார்த்தேன், 0.1 கூட இல்லை. ஆக, பேட்டரியில் இருந்து பாடிக்குப் போகிற எர்த் நல்லது, பாடியில் இருந்து எஞ்சினுக்குப் போகிற எர்த் கெட்டது. எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்குத் தனியாக ஒரு எர்த் பட்டை போட்டே ஆக வேண்டும், அதைத்தான் இத்தனை நாள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதை நிரூபிக்க ஜம்பர் கேபிளே போதும். கருப்புக் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் மாட்டி, மறுமுனையை எஞ்சினைத் தூக்குவதற்காக இருக்கும் இரும்புக் கொக்கியில் கவ்வினேன். முதல் திருப்பிலேயே வண்டி எடுத்தது. கழற்றினால் 'டக்', மாட்டினால் எடுக்கிறது. அண்ணன் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து ரசித்தார்.

கியர்பாக்ஸுக்கு மேலே போல்ட் போட்டு இறுக்கியிருந்த அந்தச் செம்புப் பின்னல் பட்டை வெளியே பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. முனையில் இருந்த ரப்பர் உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பொடி. இழைகள் கையோடு வந்தன, நாலைந்து இழைதான் உயிரோடு இருந்தது. பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி மாட்டும்போதெல்லாம் இந்தப் பட்டை அசைந்து கொஞ்ச நாளைக்குத் தொடர்பு வந்திருக்கிறது, அதனால்தான் ஒவ்வொரு தடவையும் 'சரியாகிவிட்டது' என்று தோன்றியிருக்கிறது. பட்டையை மாற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி இறுக்கினோம். அதற்குப் பிறகு அந்தப் புகார் வரவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எஞ்சின் எர்த் இப்படிக் கெடும்போது கரண்ட் வேறு வழி தேடும், ஆக்ஸிலேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியாகக்கூடப் போகும். செல்ஃப் அடித்ததும் அந்தக் கேபிள் சுட்டாலோ புகைந்தாலோ வேறு எங்கும் தேட வேண்டாம், நேராக எர்த்துக்குப் போங்கள்.

இந்தச் சோதனையை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், ஓம் மீட்டரில் இது தெரியாது. அந்தப் பட்டையைச் சும்மா அளந்தால் பூஜ்யம் ஓம் என்றுதான் சாதாரண மீட்டர் காட்டும், நாலு இழையும் மீட்டரின் சின்னக் கரண்ட்டுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் ஸ்டார்ட்டர் இழுப்பது 150 ஆம்பியர், டீசல் என்றால் அதைவிடக் கூட. வழியில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் போய்விடும். அதனால் பாரம் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். இதே சோதனையைப் பிளஸ் பக்கமும் செய்யலாம்: ஒரு முனை பேட்டரி பிளஸ் கம்பத்தில், இன்னொன்று ஸ்டார்ட்டர் மோட்டாரின் தடித்த வயர் போல்ட்டில், செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கோளாறு. மீட்டர் வயர்கள் ஃபேன், பெல்ட் பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வண்டி திடீரென்று ஸ்டார்ட் ஆகும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கரைந்து போகும், பேட்டரி மூடித் துளைக்குள் மட்டும் போகாமல் பார்க்கவும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்ட நிமிடம் பொறி பறக்கும். கிளாம்ப் கையால் திருப்பினால் கொஞ்சம்கூட அசையக் கூடாது. அசைந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஒரு சத்தமும் இல்லாத வகையில் நான் பார்த்த காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. ஆட்டோமேட்டிக் வண்டியில் 'பி'யில் (பார்க்) எடுக்காவிட்டால் 'என்'னில் (நியூட்ரல்) போட்டு முயற்சி செய்யுங்கள், கியர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சுவிட்ச் தேய்ந்திருந்தால் இதில் எடுத்துவிடும். கிளட்ச் மிதித்தால்தான் எடுக்கிற வண்டியில் மிதியடி மடங்கி பெடலுக்கு அடியில் போயிருக்கிறதா என்று பாருங்கள். கால் நன்றாக அழுத்தினாலும் பெடல் கடைசி வரை போகாது, சுவிட்ச் தொடாது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக் மிதித்தால்தான் உத்தரவு போகும், அந்தப் பிரேக் சுவிட்ச் போய்விட்டால் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் விளக்குதான் எரியும். யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி பிரேக் லைட் எரிகிறதா என்று கேளுங்கள், எரியவில்லை என்றால் கிட்டத்தட்ட பிடித்துவிட்டீர்கள். 'சாவி இல்லை' என்று காட்டினால் சாவியில் இருக்கிற வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும், பல வண்டிகளில் சிஆர் 2032 தான். சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல வண்டிகள் எடுத்துக்கொள்ளும், சிலவற்றில் அதற்கென்று தனி இடம் இருக்கும், மேனுவலில் போட்டிருப்பார்கள். ஸ்டார்ட்டர் ரிலேவை (கரண்ட்டால் இயங்கும் சின்ன சுவிட்ச்) சந்தேகப்பட்டால் ஃபியூஸ் பெட்டியில் அதே எண் போட்ட இன்னொரு ரிலே, பெரும்பாலும் ஹாரனுடையது, அதைப் பிடுங்கி இதில் போட்டுப் பாருங்கள்.

செல்ஃபைத் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பத்து விநாடி போதும், அப்புறம் ஒரு நிமிடமாவது விடுங்கள். 1912-ஆம் வருட காடிலாக் காரில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தபோது அதை வடிவமைத்த சார்லஸ் கெட்டரிங் பிடித்த பிடியே இதுதான்: இந்த மோட்டார் நாள் முழுக்க ஓடப் போவதில்லை, சில விநாடிதான், அதனால் சின்ன மோட்டாருக்கு அதன் சக்திக்கு மீறிய பாரம் கொடுத்தாலும் தாங்கும். அதற்கு முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றி மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் ஸ்டார்ட்டர் அந்தக் கணக்கில்தான் செய்யப்படுகிறது, அரை நிமிடம் விடாமல் அடித்தால் சுருள் கருகிவிடும், பேட்டரியும் கூடவே இறங்கும், கடைசியில் முதலில் இருந்த கோளாறு எது, நீங்கள் உண்டாக்கியது எது என்று தெரியாமல் போகும்.

சரி, எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இங்கேயும் காதுதான் முதல் கருவி. சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியில் இருந்து இரண்டு விநாடிக்கு 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வர வேண்டும், அது பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றுகிற சத்தம். சில வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்ததுமே ஓடி முடித்துவிடும், அதையும் கவனியுங்கள். சத்தமே இல்லை என்றால் பம்ப் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப். டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டியதும் வண்டி எடுத்தால் பம்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், ஆனால் அதை நம்பி அடுத்த பயணம் போகாதீர்கள். இதற்கெல்லாம் முன்னால், டேங்கில் நிஜமாகவே பெட்ரோல் இருக்கிறதா? முள் கால் டேங்க் காட்டிக்கொண்டே, மிதவை சிக்கிக்கொண்டு, டேங்க் துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். நிறைய வண்டிகளில் அது 200 பக்கம் லேசாகத் தூக்கும். வழக்கமாகத் தூக்குகிற வண்டியில் இன்றைக்கு மட்டும் பூஜ்யத்தில் செத்துக் கிடந்தால் கிராங்க் சென்சாரை (எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) சந்தேகப்படுங்கள். எஞ்சின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாவிட்டால் அது பெட்ரோலும் விடாது, பொறியும் கொடுக்காது. ஒரு நண்பர் வண்டியில் இது விசித்திரமாக வந்தது. காலையில் தொட்டதும் எடுக்கும், நீண்ட தூரம் ஓட்டிவிட்டுப் பத்து நிமிடம் நிறுத்தினால் எடுக்காது, நன்றாகச் சுற்றும், பிடிக்காது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி எடுக்கும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் ஆறியிருக்கும், அவர்களிடம் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், "பிரச்சினையே இல்லையே சார்" என்று அனுப்பிவிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது காற்றும் கூலன்ட்டும் சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கும், நிறுத்தியதும் எஞ்சினின் சூடு முழுக்க அந்த சென்சாரில் ஊறும், உள்ளே இருக்கிற சுருள் விரிந்து அறுபடும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். எடுக்காமல் நிற்கும்போதே ஓபிடி ஸ்கேனரை (வண்டிக் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படித்துக் காட்டுகிற கருவி) மாட்டி, செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் பார்த்தோம், பூஜ்யம். சென்சார் மேல் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் விட்டுச் சில நிமிடம் கழித்து அடித்ததும் எடுத்தது. பி 0335 என்ற கோடு (கிராங்க் சென்சார் கோளாறுக்குக் கம்ப்யூட்டர் பதியும் எண்) அதுவரை பதிவாகவே இல்லை, அதனால் கோடு இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுக்காத நிமிடத்தில் சோதித்தால்தான் இந்த மாதிரி ஆட்கள் மாட்டுவார்கள்.

ஸ்டார்ட் ஆகி ஒன்றிரண்டு விநாடியில் அணைந்தால், டேஷ்போர்டில் சாவிப் படம் அல்லது பூட்டுப் படம் மினுக்கிறதா பாருங்கள், இம்மொபிலைசராக (சாவியின் சிப்பை அடையாளம் பார்க்கிற திருட்டுத் தடுப்பு) இருக்கலாம். மாற்றுச் சாவியால் முயற்சி செய்யுங்கள், கொத்தில் வேறு வண்டியின் சிப் சாவி இருந்தால் தள்ளி வையுங்கள்.

குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டடி நகர்த்திவிட்டு உடனே அணைத்திருந்தால், அடுத்த தடவை பிளக் பெட்ரோலில் நனைந்து ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கும், வாசனையே சொல்லிவிடும். ஆக்ஸிலேட்டரைத் தரை வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு விநாடி செல்ஃப் அடியுங்கள். இன்ஜெக்டர் உள்ள பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில், முழுக்க மிதித்தால் பெட்ரோல் விடுவதை நிறுத்து என்றுதான் கம்ப்யூட்டருக்கு அர்த்தம், காற்று மட்டும் போய்ப் பிளக் உலரும்.

இரண்டு இடத்தில் மட்டும் செல்ஃப் அடிப்பதை உடனே நிறுத்த வேண்டும். எஞ்சின் வழக்கமான ஏற்ற இறக்கத்தோடு சுற்றாமல், பாரமே இல்லாத மாதிரி 'விர்ர்ர்' என்று சீராக, வழக்கத்தை விட வேகமாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் (பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓடவைப்பது) அறுந்திருக்கலாம். பல எஞ்சின்களில் அப்போது பிஸ்டன் வால்வில் இடிக்கும், ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் சேதம் கூடும். இன்னொன்று, தேங்கிய தண்ணீரில் ஓட்டி நின்றுபோன வண்டி. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், தண்ணீர் காற்றைப் போல் அமுங்காது, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளையும். பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சாவியைத் தொடலாம். தூக்கிக்கொண்டு போகிற வண்டியைக் கூப்பிடுங்கள்.

டீசலில் என் அனுபவம் குறைவு, சுருக்கமாகச் சொல்கிறேன். சுருள் படம் போட்ட விளக்கு அணையும் வரை காத்திருந்து அடிக்கவும். குளிரில் மட்டும் தகராறு செய்து, எடுத்ததும் வெள்ளைப் புகை விட்டு உதறினால் குளோ பிளக் (சிலிண்டரைச் சூடேற்றுகிற பிளக்). ஃபில்டர் மாற்றியதற்குப் பிறகு எடுக்கவில்லை என்றால் ஏர் பிடித்திருக்கும், ஹேண்ட் பம்ப் இருந்தால் அது கெட்டியாகும் வரை அழுத்துங்கள். டீசல் வண்டியில் பெட்ரோலை ஊற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் சாவியை 'ஆன்' கூடச் செய்யாதீர்கள், பம்ப் ஓட ஆரம்பித்துவிடும்.

ராத்திரி நன்றாக இருந்த பேட்டரி காலையில் காலி, புதுப் பேட்டரி போட்டும் அதே கதை என்றால், நிறுத்திய வண்டியில் எதுவோ கரண்ட் குடிக்கிறது. 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம், அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி, 45 ஆம்பியர் மணி பேட்டரியை ஒரு மாதம் தொடாமல் விட்டால் முக்கால்வாசி போய்விடும். அரை ஆம்பியர் குடித்தால் இரண்டு நாளில் பாதி. மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து அளக்கலாம். ஆனால் கதவைத் திறக்கக் கூடாது, சாவி திருப்பக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எல்லாம் பூட்டி அரை மணி நேரமாவது விடுங்கள், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் அளந்துவிட்டுப் பயப்படுபவர்கள் நிறைய. பிறகு ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால், எதில் எண் தடாலென்று விழுகிறதோ அந்த சர்க்யூட். நான் பார்த்தவரை வண்டியோடு வந்த பொருட்களை விட நாம் பிறகு மாட்டியவைதான் குற்றவாளி: டேஷ் கேமரா, ஆம்ப்ளிஃபயர். டிக்கி விளக்கும் உண்டு. டிக்கியை மூடினால் அந்த விளக்கு அணைகிறதா என்று தெரிந்துகொள்ள, போனில் வீடியோ எடுக்கவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட் செய்தால் வரிசை முக்கியம். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில், கருப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை செத்த வண்டியின் எஞ்சினில் பேட்டரிக்குத் தள்ளி ஒரு வெறும் இரும்பில். கடைசியாக மாட்டும்போது பொறி வரும், பேட்டரி பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு இருக்கும், அதனால்தான் தள்ளி. எடுத்த பிறகு பேட்டரி முனையில் 13.8-இல் இருந்து 14.5 வரை காட்ட வேண்டும். 12-இலேயே நின்று இறங்கிக்கொண்டே போனால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை, பேட்டரி பாவம், அதன் மேல் தப்பில்லை.

கடைசியில் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும் என்றால், "பேட்டரி மாத்துங்க" என்று போய் நிற்காதீர்கள், மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். "சூடா இருக்கும்போது மட்டும் எடுக்க மாட்டேங்குது, செல்ஃப் நல்லா சுத்துது, ஆர்பிஎம் முள் தூக்கலை, ஆறினா எடுக்குது" என்று சொல்லுங்கள். முடிந்தால் எடுக்காத நேரத்தில் சத்தமும் டேஷ்போர்டும் தெரிகிற மாதிரி போனில் ஒரு வீடியோ எடுத்துக் காட்டுங்கள். அண்ணன் வண்டியில் அந்த 'டக்' வீடியோவோடு, "செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில 11.8 நிக்குது" என்ற ஒரு வரியும் முதல் தடவையே போயிருந்தால், விவரம் தெரிந்த மெக்கானிக் எவரும் பேட்டரியைத் தொட்டிருக்க மாட்டார், நேராக எர்த்தைத்தான் தேடியிருப்பார்.